ஈயம் கிலோ எவ்வளவு?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்குப் போகிற வழியில், மலையடிவாரத்தில் என் சித்தி வீட்டுக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. போன கோடையில் ஊருக்குப் போயிருந்தபோது ஓர் இரவு சித்தி மகனோடு காவலுக்குப் போய்ப் படுத்தேன். காவல் என்றால் வீரதீரம் ஒன்றுமில்லை. காட்டுப்பன்றி வந்தால் தகரத்தைத் தட்டணும், டார்ச் அடிக்கணும். யானை வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு பரணிலேயே இருக்கணும். அன்றைக்கு இரண்டும் வரவில்லை, கொசுதான் வந்தது. பொழுது போகாமல் தம்பி செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். அமெரிக்காவில் யாரோ ஒரு தாத்தா, தன் வீட்டுக் கார் ஷெட்டில் ஈயத்தை உருக்கி, அச்சில் ஊற்றி, துப்பாக்கிக் குண்டு வார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் காபிக் கோப்பை. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

“பணியாரம் ஊத்துற மாதிரி ஊத்துறாரு பாருங்கண்ணே. இதுல என்ன இருக்கு? வலைக்கு நானே உருக்கித்தான குண்டு போடுறேன். ஈயம் மட்டும் இன்னும் கொஞ்சம் சல்லிசாக் கெடைச்சா...”

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். படித்தவன் செய்கிற காரியத்தைச் செய்தேன், சட்டம் பேசினேன். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவு. உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ தயாரிக்கக் கூடாது. 2019இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். அதோடு நாம் படுத்திருக்கிற இடம் என்ன இடம் தெரியுமா என்று வேறு கேட்டேன். 1988இல் சாம்பல் நிற அணிலுக்காக அறிவிக்கப்பட்ட சரணாலயம், 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் ஆகிவிட்ட காடு, அதன் வாசலில் படுத்துக்கொண்டு இப்படிப் பேசலாமா? தம்பி சிரித்தான். “சும்மா பேச்சுக்குச் சொன்னேண்ணே, நீங்க வேற” என்று போர்வையை இழுத்துக்கொண்டான்.

அவன் பேச்சுக்குத்தான் சொன்னான். அவனிடம் துப்பாக்கி கிடையாது. ஆனால் நான் சொன்னதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது, அது எனக்கு உறைக்க மூன்று வாரம் ஆனது. ‘வலைக்கு நானே உருக்கித்தான குண்டு போடுறேன்’ என்று அவன் சொன்ன வரியைக் காது கேட்டது, மூளை தள்ளிவிட்டது. கண்மாயில் வீசுகிற வலையின் ஓரத்தில் கோக்கும் ஈயக்குண்டு. அதற்குச் சட்டத்தில் தடை இல்லை, போலீஸ் வராது, வனத்துறை வராது. வீட்டுக் கொல்லையில் விறகடுப்பில் பழைய இருப்புச் சட்டியை வைத்து உருக்குகிறான். அதே கொல்லையில்தான் அவனுடைய இரண்டரை வயதுப் பெண் மண்ணில் சோறு பொங்கி விளையாடுகிறாள். அன்றிரவு நான் தப்பான குண்டைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறேன்.

நம் ஊரில் ஈயத்தைப் பற்றிய பேச்சு எப்போதும் இப்படித்தான். அது துப்பாக்கிக்குள் போனால் மட்டும் நமக்குப் பதறும். நாட்டுத் துப்பாக்கியோடு எவனாவது மாட்டினால் மறுநாள் பேப்பரில் போட்டோ வரும். தரையில் துப்பாக்கி, கரிமருந்து டப்பா, ஈயக்குண்டுப் பொட்டலம், பின்னால் தலைகுனிந்த மனிதன். ஈயக்குண்டு அங்கே சாட்சிப் பொருள். பேட்டரிக்குள், பெயின்ட்டுக்குள், சட்டிக்குள் இருக்கும்போது அதே ஈயம் வெறும் சாமான். எடை போட்டு விற்கலாம்.

மொழியே நம்மை ஏமாற்றுகிறது என்பது என் கட்சி. தமிழில் ஈயம் என்று ஒரே சொல்லை இரண்டு உலோகங்களுக்கு வைத்துக்கொண்டு புழங்குகிறோம். வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசியதும், ரசம் கொதிக்கிற ஈயச்சொம்பும் வெள்ளீயம். குண்டும் பேட்டரியும் காரீயம். “எங்க பாட்டி எழுபது வருசம் ஈயச்சொம்பு ரசம்தான் சாப்பிட்டாங்க, என்ன ஆச்சு?” என்று வாட்ஸப்பில் மார்தட்டுகிற மாமாக்களிடம் நான் தோற்றுப்போயிருக்கிறேன். பாட்டி சாப்பிட்டது வெள்ளீயம், மாமா! இன்றைக்கு நீங்கள் பெருமையாக வாங்கிவந்த சொம்பு எதனால் ஆனதென்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் விலை காரீயத்தைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். இரண்டும் பார்க்க ஒன்றுபோல் மங்கலாக இருக்கும். கலப்படம் செய்கிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்று ஒரு பழமொழி இருக்கிறது. எந்த ஈயத்தைப் பார்த்து என்று யாரும் கேட்டதில்லை.

இலக்கியம் படிக்க வந்த இடத்தில் இதெல்லாம் எதற்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. நம்முடைய அச்சுத் தமிழின் கதைக்குள்ளேயே மலிவு ஈயம் தேடிய ஒரு கதை இருக்கிறது. தரங்கம்பாடி மிஷனுக்கு ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. எழுத்து பெரிது, காகிதம் குறைவு. சிறிய எழுத்து வார்க்க வேண்டும், ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து மிஷனுக்கு வந்துகொண்டிருந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கி வார்த்தார்கள். 1715இல் முழுமையாக வெளிவந்த புதிய ஏற்பாட்டின் பின்னால் பாலாடைக்கட்டி மூடி இருக்கிறது! எனக்கு மிகவும் பிடித்த கதை இது. சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ நடத்தத் தொடங்கியபோதும், பின்னால் வந்த சிறுபத்திரிகைக்காரர்கள் பெண்டாட்டி நகையை அடகு வைத்து இதழ் போட்டபோதும், அச்சுக்கோப்பவர் விரல் நுனியால் எடுத்து அடுக்கியது ஈயமும் ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்த எழுத்துகளைத்தான். அடுக்கிய கையோடு டீ குடித்தார், பீடி பிடித்தார். அவர் உடம்பில் எவ்வளவு ஈயம் சேர்ந்தது என்று யார் அளந்தார்கள்? சிறுபத்திரிகை வரலாறு எழுதுகிறவர்கள் ஆசிரியரின் வறுமையை எழுதியிருக்கிறார்கள், கம்பாசிட்டரின் ரத்தத்தை எழுதியதை நான் படித்ததில்லை. (வேடிக்கை என்னவென்றால், அந்த அமெரிக்கத் தாத்தாக்கள் ஆசையாகத் தேடுகிற சரக்குகளில் ஒன்று பழைய அச்செழுத்து. ஆன்டிமனி கலந்திருப்பதால் குண்டு கெட்டியாக வருமாம். அக்ஷரம் என்றால் அழியாதது என்று நாம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.)

சரி, தம்பிக்கு ஈயம் எங்கிருந்து வருகிறது? பழைய இரும்புக்கடை அண்ணாச்சியிடமிருந்து. அண்ணாச்சிக்கு? பேட்டரியிலிருந்து. உலகத்தில் பயன்படுகிற ஈயத்தில் ஏறத்தாழ 85 சதவீதம் பேட்டரிக்குத்தான் போகிறது. கார், பைக், செல்போன் கோபுரம், ஈ-ரிக்ஷா, அப்புறம் வீட்டு இன்வெர்ட்டர். இங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கிற ஜாதி. மீட்டிங் நடுவில் கரண்ட் போனால் மானம் போகும் என்பதால் பெரிய இன்வெர்ட்டர் வைத்திருக்கிறேன். இரண்டு வருடம் முன்பு பேட்டரி செத்துப்போனபோது, புது பேட்டரி விற்ற கடைக்காரர் பழசை எடுத்துக்கொண்டு விலையில் கழித்துத் தருகிறேன் என்றார். தெருவில் வந்த பழைய சாமான்காரர் அதைவிட எழுநூறு ரூபாய் அதிகம் தருவதாகச் சொன்னார். ஐம்பது கிலோவுக்கு மேல் எடை, அதில் பாதிக்கு மேல் ஈயம். யாருக்குக் கொடுத்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? மாதச் சம்பளத்தில் அந்த எழுநூறு ஒரு தூசி. ஆனாலும் பேரம் பேசி ஜெயித்த சந்தோஷம் இருக்கிறதே, அது தனி.

தெருக்காரர் எப்படி அதிகம் தர முடிகிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். முறையான ஆலையில் பேட்டரியை மூடிய எந்திரத்தில் உடைக்க வேண்டும், அமிலத்தை நடுநிலையாக்க வேண்டும், புகையை வடிகட்ட வேண்டும், தொழிலாளியின் ரத்தத்தைச் சோதிக்க வேண்டும். எல்லாமே செலவு. முறையற்ற பட்டறையில் கோடாலியால் ஒரு போடு, அமிலம் ஓடையில், தட்டு அடுப்பில். மிச்சமாகிற பணத்தில் ஒரு பங்குதான் என் கைக்கு வந்த எழுநூறு. ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும், இரும்பைப்போல் பெரிய உலை கேட்காது. விறகு போதும். ஏழைக்குக் கட்டுப்படியாகிற உலோகம் என்பதுதான் அதன் சாபம். பேட்டரிகளுக்கு 2001இலேயே விதிகள் வந்தன, 2022இல் தயாரிப்பாளரையே பொறுப்பாளியாக்கிப் புதிய விதிகளும் வந்தன. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. என் வாசலில் எழுநூறு ரூபாய் அந்தக் காகிதத்தைவிடக் கனமாக இருந்தது.

சல்லிசு என்ற சொல்லை எனக்குச் சின்ன வயதிலிருந்து பிடிக்கும். இப்போது அதைக் கேட்டால் செனகல் ஞாபகம் வருகிறது. டாக்கர் நகரத்தை ஒட்டிய தியாரோய் என்ற கடலோரப் பகுதி. பல வருடங்களாக அங்கே பழைய பேட்டரிகளை உடைத்துக் கொட்டியதில் மண்ணிலேயே ஈயம் ஊறிக் கிடந்தது. 2007இல் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை உச்சத்துக்குப் போனபோது அந்த மண்ணுக்கும் விலை வந்தது. பெண்கள் அதைத் தோண்டி, சலித்து, ஈயத்தைப் பிரித்து விற்றார்கள். குழந்தைகள் பக்கத்தில் விளையாடின. 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் செத்துப்போயின. யாரும் யாரையும் சுடவில்லை.

செத்தால்தான் கணக்கு என்றும் இல்லை. ஈயம் பெரும்பாலும் கொல்லாது, மந்தமாக்கும். நம் உடம்பு அதைக் கால்சியம் என்று நம்பிவிடுகிறது. என் தொழில் பாஷையில் சொன்னால் டைப் செக்கிங் இல்லாத நிரல் மாதிரி. எதைக் கொடுத்தாலும் வாங்கி எலும்பில் அடுக்கி வைத்துக்கொள்கிறது, இருபது முப்பது வருடம். பெண்ணுக்குக் கர்ப்பமானால் எலும்பிலிருந்து கிளம்பிக் குழந்தைக்குப் போகிறது. உள்ளே போகிற ஈயத்தில் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தைகளின் உடம்பு உறிஞ்சுகிறது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்காவில் குழந்தையின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் இருந்தாலே வீட்டுக்கு வந்து விசாரிக்க வேண்டும் என்கிறார்கள். 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு சென்னையில் 3 முதல் 7 வயதுக் குழந்தைகள் எழுநூற்றுச் சொச்சம் பேரைப் பரிசோதித்தது. சராசரி 11க்கு மேல். 2020 யுனிசெஃப் அறிக்கையின்படி 5 மைக்ரோகிராமைத் தாண்டிய குழந்தைகள் உலகில் 80 கோடி, அதில் இந்தியாவில் மட்டும் 27 கோடிக்கு மேல். படிப்பு ஏறவில்லை என்று வாத்தியார் அடிக்கிற பையன்களில் எத்தனை பேர் இந்தக் கணக்கில் வருகிறார்கள்? நம்மிடம் இதற்கு ஒரு தயார் பதில் உண்டு: மக்கு, ஜாதி, வளர்ப்பு சரியில்லை.

2015இல் நூடுல்ஸ் பாக்கெட்டில் ஈயம் என்று நாடே கொதித்ததே, ஞாபகம் இருக்கிறதா? டிவியில் விவாதம், தெருவில் பாக்கெட் எரிப்பு. எங்கள் பக்கத்துச் சிவகாசிப் பட்டாசில் எந்த வடிவத்திலும் ஈயம் இருக்கக் கூடாது என்று 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நல்லது. பாக்கெட் போட்ட சாமானென்றால், பெயர் தெரிந்த கம்பெனியென்றால், நமக்குக் கோபம் சுலபமாக வருகிறது. பெயரில்லாத பட்டறை, பெயரில்லாத கொல்லை என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது.

என் வீடு, என் அடுப்பு, என் உடம்பு, உனக்கென்ன என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டிலேயே குண்டு வார்க்கிற அமெரிக்கர்களின் வேதம் அது, நம் ஊர் இணைய இளைஞர்களும் இப்போது அதைப் பாடமாக ஒப்பிக்கிறார்கள். ஈயத்தின் விஷயத்தில் அந்த வேதம் பலிக்காது. ஈயத்தூள் சட்டையில் ஒட்டி வீட்டுக்குள் வரும், தலையணையில் தங்கும், குழந்தையின் விரல்வழி வாய்க்குப் போகும். அங்கேயே கதை என்ன ஆனது பாருங்கள். மிசௌரி மாநிலத்தில் ஹெர்குலேனியம் என்ற ஊரில் தாதுவிலிருந்து ஈயம் எடுக்கும் பெரிய உலை இருந்தது. 2008இல் காற்றில் ஈயத்தின் வரம்பை அமெரிக்க அரசு பத்தில் ஒன்றாகக் குறைத்தது. 2013 கடைசியில் உலையை மூடிவிட்டார்கள். அந்த நாட்டில் அவ்வகை உலைகளில் அதுதான் கடைசி. உடனே துப்பாக்கிப் பிரியர்கள் மத்தியில் ஒரே புலம்பல்: எங்கள் குண்டைப் பறிக்க அரசு சதி செய்கிறது! அந்த ஊர்க் குழந்தைகளின் ரத்தத்தை வருடக்கணக்காகச் சோதித்துக்கொண்டிருந்தார்கள் என்பது அந்தப் புலம்பலில் இடம்பெறவில்லை.

இன்னொரு கோஷ்டி நம் சொந்தச் சரக்கு. வேட்டை நம் மரபு என்பவர்கள். ராஜபாளையம் நாயைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துப் போட்டுக்கொள்கிற ஊர்க்காரர்களில் பாதிப்பேர் இந்தக் கட்சி. காட்டுக்கறி சுத்தமானது, பிராய்லர்தான் விஷம் என்பார்கள். ஈயக்குண்டு சதைக்குள் போய் எலும்பில் மோதும்போது முழுதாக நிற்பதில்லை, பொடிப்பொடியாகச் சிதறும். ஈயக்குண்டால் சுடப்பட்ட மான்களை எக்ஸ்ரே எடுத்தபோது நூற்றுக்கணக்கான துணுக்குகள் தெரிந்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, பல்லில் கடிபடாது. கலிஃபோர்னியாவின் காண்டோர் கழுகுகள் 1982இல் 22 மட்டுமே மிஞ்சின. அவற்றைக் கூண்டில் பெருக்கித் திரும்பக் காட்டில் விட்டால், வேட்டைக்காரர்கள் விட்டுப்போன குடலைத் தின்று ஈய விஷத்தால் சாகின்றன. அதனால்தான் அந்த மாநிலம் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக்குண்டையே தடை செய்தது. செம்பில் குண்டு கிடைக்கிறது, விலை அதிகம். கழுகுக்கு ஒரு சட்டம் வந்தது. கறியைத் தின்கிற நம் பிள்ளைக்கு?

இதைச் சொன்னால் சித்தப்பா கேட்கிற கேள்வி வேறு. “அப்ப பன்னிக்கு என்னடா செய்யச் சொல்ற?” இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. 2025 ஜனவரியில் அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3க்கு மேல் வனத்துறையினர் சுடலாம். சித்தப்பாவின் தோப்பு முதல் கிலோமீட்டருக்குள். அவருக்குத் தகரமும் டார்ச்சும்தான். அவர் இழக்கிற மாங்காய்க்கும் தென்னங்கன்றுக்கும் உரிய நேரத்தில் நியாயமான நஷ்டஈடு கிடைக்காதவரை, நான் அவருக்குச் சொல்கிற அறிவுரைக்கு மரியாதை கிடையாது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடுகிற அரசாங்கக் குண்டு எதனால் ஆனது என்று நாம் கேட்கலாம் அல்லவா? அதைக்கூட யாரும் கேட்டு நான் கேள்விப்படவில்லை.

எனக்குத் தம்பி மேலோ அண்ணாச்சி மேலோ கோபம் இல்லை. கோடாலி பிடிக்கிற பட்டறைக்காரர் மேலும் இல்லை, முதலில் சாகப்போவது அவர்தான். என் கோபம் விலையின் மேல், அந்த விலையைக் கொண்டாடுகிற என்னைப் போன்றவர்கள் மேல். பழைய பேட்டரியை முறையாகத் திருப்பிக் கொடுக்கிறவனுக்குத் தெருவிலைக்கு மேல் ஒரு ரூபாயாவது அதிகம் கிடைக்க வேண்டும். புது பேட்டரி விற்கும்போதே வைப்புத்தொகை வாங்கிவிட்டால் முடிந்தது, இதற்கு விஞ்ஞானி தேவையில்லை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் அரசு ஆஸ்பத்திரியில் சோதனை இருப்பதுபோல், அங்கன்வாடிக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயத்தைச் சோதிக்க வேண்டும். தடுப்பூசி அட்டையில் அதற்கொரு கட்டம் வேண்டும். துப்பாக்கி லைசென்ஸ் எத்தனை என்று மாவட்டவாரியாக எண்ணி வைத்திருக்கிற அரசுக்கு இது முடியாத காரியமா?

மூன்று வாரம் கழித்து உறைத்தது என்றேனே, அன்றைக்கே தம்பிக்குப் போன் போட்டேன். இந்தமுறை சட்டப்பிரிவு எதையும் சொல்லவில்லை. கொல்லையில் உருக்குவதை நிறுத்து, அடுப்புச் சாம்பலையும் அந்த மண்ணையும் பாப்பா தொடாமல் பார்த்துக்கொள், சட்டியைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோகாதே என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“அந்தச் சட்டியிலதாண்ணே முன்னாடி பாப்பாவுக்கு வெந்நி வச்சோம்” என்றான்.

ரத்தம் எடுத்துப் பார்க்கணும் என்றேன். ஊரில் விசாரித்தான். பெரிய ஆஸ்பத்திரியில் அந்த டெஸ்ட் இல்லை என்றார்களாம். ஒரு தனியார் லேப்பில், வெளியூருக்கு அனுப்பித்தான் பார்க்கணும், இரண்டாயிரத்துக்குக் கிட்ட ஆகும் என்றிருக்கிறார்கள். வலைக்கு வாங்கிய ஈயம் மொத்தமே நாலு கிலோ, எண்ணூறு ரூபாய்.

பணம் அனுப்புகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டான். போனை வைப்பதற்கு முன்னால் ஒன்று கேட்டான். “எடுத்துப் பாத்து, இருக்குன்னு வந்தா என்னண்ணே செய்வாங்க? அதை வெளிய எடுத்துருவாங்களா?”